ஒரே கையில் திறக்கிற கத்தி

அந்த நீலப் பிடி போட்டது வேண்டாமுங்க தம்பி. கீழ வெச்சிருங்க. பார்க்க அழகாத்தான் இருக்குது, ஆனா தொறக்கறதுக்கு நகம் வேணும். பிளேடுல சின்னதா ஒரு காடி வெட்டியிருக்கான் பாருங்க, அதுல நகத்தைக் குடுத்து இழுக்கோணும். இன்னொரு கையில பிடியப் புடிச்சுக்கோணும். ரெண்டு கையும் சும்மா இருக்கற நேரத்துல யாருக்குங்க கத்தி தேவைப்படுது?

நான் கடைக்காரன் இல்லீங்க. அவரு உள்ள போயிருக்கறாரு, எனக்கு மாத்திக் குடுக்க வேற பெட்டி எடுத்துட்டு வரேன்னு. நானும் உங்களாட்டம் வாங்க வந்தவந்தான். பேரு சென்னியப்பன். இந்த ஈரோட்டுலயே ஒரு விதைக்கடையில இருபத்தெட்டு வருசம் மூட்டை பிரிச்சவன். சாக்குத் தையல் பிரிக்கறது, சணல் அறுக்கறது, எல்லாம் மடக்குக் கத்தியிலதான். அதனால இதுல நாலு வார்த்தை தெரியும்.

உங்களுக்கு எதுக்குங்க? பழம் நறுக்க, பார்சல் பிரிக்க, சும்மா பாக்கெட்டுல கிடக்கட்டும்னுங்களா? சரி, சரி. நல்லதுதான். கிடக்கட்டும்.

வெளிய அந்தச் செவப்பு வண்டி மேல உக்காந்திருக்கறது உங்க ஊட்டம்மாங்களா? அம்மிணி சேலை கட்டியிருக்குது. முந்தானைய இழுத்து இடுப்புல சொருகச் சொல்லுங்க. போறப்பச் சொல்லிக்கலாம்னு இருக்காதீங்க, இப்பவே சொல்லுங்க. வண்டி நிக்குதுன்னா என்னங்க, நிக்கற வண்டிதானே கிளம்பும்.

சொருகிருச்சா? நல்லது. தப்பா நினைச்சுக்காதீங்க. ஒரு முந்தானை தொங்கறதப் பார்த்தா என்னால சும்மா நிக்க முடியாது. ரோட்டுல எத்தனை பேருகிட்டத் திட்டு வாங்கியிருக்கேன் தெரியுமா. எல்லாரும் ‘சைடு ஸ்டாண்டு, சைடு ஸ்டாண்டு’ன்னு கத்தறாங்கல்ல, அவங்களுக்கெல்லாம் திரும்பிப் பார்த்து ஒரு தலையாட்டு உண்டு. ‘சேலை, சேலை’ன்னு நான் பின்னாடியே ஓடுனா மட்டும் பொறுக்கிம்பாங்க. ஒருக்கா பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒருத்தர் வண்டிய நிறுத்தி எஞ்சட்டையப் புடிச்சுட்டாரு. புடிக்கட்டும். அந்தம்மா சேலைய எடுத்துச் சொருகுச்சே, அது போதும் எனக்கு.

கத்திக்கு வரேன். இந்தக் கருப்புப் பிடி போட்டதை எடுங்க. உள்ளங்கைக்குள்ள அடங்குது பார்த்தீங்களா? அப்படித்தான் இருக்கோணும். இதைவிடப் பெருசு வாங்குனா ரெண்டு நாள் பாக்கெட்டுல குத்தும், மூணாவது நாள் மேசையில கிடக்கும். கட்டை வெரலை அந்தக் குமிழ் மேல வெச்சுத் தள்ளுங்க. பயப்படாதீங்க, தள்ளுங்க. டக்குனு ஒரு சத்தம் வந்துதில்ல, அது லாக்கு. அந்தச் சத்தம் வராத கத்திய வாங்கவே கூடாது. அழுத்தறப்ப மடங்கி உங்க வெரலையே வெட்டிரும். முனை மொட்டையா இருக்கற மாதிரிப் பாருங்க. கூரா இருந்தா, துணிய வெட்டப்போயி உள்ள இருக்கற தோலைக் குத்திரும்.

விலை குறைச்சல்தானேன்னு யோசிக்கறீங்களா? குறைச்சலாத்தான் வாங்கோணும். விலை கூடுனதை வாங்குனா கீறல் விழுந்துருமேன்னு வெளியவே எடுக்க மாட்டீங்க. சாமான் எடுக்க மனசு வரோணும் தம்பி. அதான் முக்கியம்.

துணிய எதுக்கு வெட்டறதுன்னு கேக்கறீங்க. கேட்டுட்டீங்கல்ல, சித்தெ நில்லுங்க, சொல்லிப்போடறேன்.

நாலு வருசமாச்சு. எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தஞ்சு வருசம் ஆன அன்னிக்கு. எங்கூட்டுக்காரி பேரு துளசிமணி. சென்னிமலைக்குப் போய்ச் சாமி கும்புட்டுட்டு வரலாம்னா. கல்யாணத்தன்னிக்கு மணவறையில கட்டுன கூறைச்சேலைய பீரோவுல இருந்து எடுத்துக் கட்டிக்கிட்டா. அரக்குப் பட்டு, நல்ல கனமான ஜரிகை. நான் பட்டு வேட்டி. பொண்ணு மைதிலி காலேஜ் ஹாஸ்டல்ல இருந்துது, அதனால நாங்க ரெண்டு பேருந்தான். எங்கிட்ட இருந்தது பழைய வண்டி, அதுல போனோம்.

வெயிலுக்குன்னு அவ முந்தானைய எடுத்துக் கழுத்தச் சுத்திப் போட்டுக்கிட்டா. வண்டியில சேலை கார்டு இருந்துதுங்க. இல்லாம இல்ல. அதுக்கும் மேல முந்தானை பறந்து போயிச் சக்கரத்துக்குள்ள விழுந்திருக்குது. எனக்கு வண்டிய யாரோ பின்னாடி புடிச்சு இழுத்த மாதிரி இருந்துது. அடுத்தது நாங்க ரெண்டு பேரும் ரோட்டுல கிடக்கறோம். எனக்கு முழங்கையில சிராய்ப்பு. அவ டயருக்குப் பக்கத்துல தலையச் சாய்ச்சுக் கிடக்கறா, முந்தானை சக்கரத்துல சுத்திக் கழுத்த இறுக்கிக்கிட்டு இருக்குது. பட்டை கையில கிழிக்க முடியுமுங்களா? பல்லுல கடிச்சுப் பார்த்தேன். சக்கரத்தைப் பின்னாடி சுத்திப் பார்த்தேன், வண்டி கியர்ல மாட்டியிருக்குது, சுத்த மாட்டேங்குது. அவ மொகம் கருத்துக்கிட்டே வருது.

எதிர்ப்பக்கம் இளநி விக்கற ஒரு அம்மா ஓடி வந்துது. ஒண்ணுங் கேக்கல. என்னைத் தோள்ல இடிச்சுத் தள்ளிட்டு, இளநி சீவற அரிவாளை வெச்சு ஒரே அறுப்பு. சேலை ரெண்டாச்சு. அவளுக்கு மூச்சு வந்துது.

உசுரு இருக்குதுங்க, இருக்குது. ஊட்டுல சோறாக்கறா, துணி மடிக்கறா. தலைய எடதுபக்கம் திருப்ப முடியாது. கொரலு போயிருச்சு. தொண்டைக்குள்ள எலும்பு நசுங்கிருச்சுன்னு டாக்டர் சொன்னாரு. பேசுனா காத்து மட்டுந்தான் வரும், பக்கத்துல காதை வெச்சாத்தான் கேக்கும். பொண்ணு போன் பண்ணுனா இவ போனைத் தட்டுவா. ஒரு தட்டுன்னா ஆமா. ரெண்டு தட்டுன்னா இல்லை. அப்படியே அம்மாவும் மகளும் அரைமணி நேரம் பேசுவாங்க.

அன்னிக்கு எங்கையில ஒரு கத்தி இருந்திருந்தா. அவ்வளவுதான் தம்பி. ஒரு சின்ன மடக்குக் கத்தி. தெனமும் பேண்ட்டுப் பாக்கெட்டுல கிடக்கறதுதான், அன்னிக்கு வேட்டி கட்டிக்கிட்டுப் போயிட்டேன். வேட்டியில பாக்கெட் ஏதுங்க? இதை நான் பார்க்கற எல்லாருகிட்டயும் சொல்றேன். சொந்தபந்தம், கடைக்கு வரவங்க, பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தவங்க, எல்லாருக்கும். விசேசத்துக்குப் போனாலும் சட்டைப் பையில கத்தி இருக்கட்டும்னு. நாலஞ்சு பேரு வாங்கியும் இருக்காங்க.

சரி, அது போகட்டும். இப்ப பிரச்சினை எம்பொண்ணு. இந்தச் சித்திரையில கல்யாணம் பண்ணுனோம், பெருந்துறையில. மாப்பிள்ளை நந்தகுமார் தங்கமான பையன். ஆனா அவரு வண்டி இருக்குதே, பின் சீட்டு ஆள் ஒசரத்துக்குத் தூக்கிக்கிட்டு நிக்குது. சேலை கார்டும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. சம்பந்தியம்மா வெள்ளிக்கிழமையானாச் சேலைதான் கட்டோணும்பாங்க. என்ன பண்ணுவேன் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை எனக்குச் சோறு எறங்காது. போன் அடிச்சா எடுக்க மாட்டேன். துளசிமணிதான் எடுத்துக் காதுல வெச்சு, என்னையப் பார்த்துக் கைய ஆட்டுவா, ஒண்ணுமில்லைன்னு.

தலைதீபாவளிக்கு பஸ்ஸுல வாங்கன்னு நூறு தடவை சொன்னேன். மாப்பிள்ளை சிரிச்சுட்டாரு. நான் விடிஞ்சதும் தெருமுக்குல போய் நின்னுக்கிட்டேன். எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கக் கூட இல்ல. ஒம்பது மணிக்கு வராங்க. பொண்ணு பட்டுச்சேலையில ஒருக்களிச்சு உக்காந்திருக்குது, முந்தானை பின்னாடி கொடியாட்டம் பறக்குது. ரெண்டு கையும் தூக்கிக்கிட்டு நடு ரோட்டுல போய் விழுந்தேன். மாப்பிள்ளை பிரேக்கை அழுத்த, வண்டி ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போயிக் கரண்டுக் கம்பத்துக்கு ஒரு முழத்துல நின்னுது. பொண்ணு கீழ எறங்கி என்னையப் பார்த்த பார்வை இருக்குதே. நல்ல நாளும் அதுவுமா எங்களைக் கொல்லப் பார்த்தீங்களேப்பான்னு கேட்டுது.

நான் கொல்லப் பார்த்தேனாம்.

அன்னிக்குத்தான் சீர்த் தட்டுல கத்திய வெச்சேன். வேட்டி சட்டை, மோதிரம், பழம், அதுக்கு நடுவுல ஒரு மடக்குக் கத்தி. இந்தக் கடையில வாங்குனதுதான். கத்திய யாருக்கும் கையில குடுக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? கீழ வெச்சு, எடுத்துக்கச் சொல்லோணும், இல்லைன்னா உறவு அறுந்துரும்பாங்க. அதனாலதான் தட்டுல வெச்சேன். ஆனா பாருங்க, தட்டையே நான் கையிலதானே குடுக்கறேன். அந்த யோசனை எனக்கு வரல. மாப்பிள்ளை வாங்கிக்கிட்டாரு. ஊட்டுக்குப் போனதும் சம்பந்தியம்மா பார்த்துட்டு ஒரே ரகளை. தலைதீபாவளிக்குக் கத்தி வெச்சுக் குடுக்கற சம்பந்திய இப்பத்தான் பார்க்கறோம், எங்க பையனை மெரட்டறாரா, பொண்ணை அறுத்துக்கிட்டுப் போகப் பார்க்கறாரான்னு. பொண்ணு அதுல இருந்து வரல. கார்த்திகைக்கும் வரல. அவங்கம்மாகிட்ட மட்டும் போன்ல பேசும். நான் பக்கத்துல நின்னா வெச்சிரும்.

இன்னிக்குக் காலைல சம்பந்தி நேர்ல வந்துட்டாரு. மஞ்சப்பையில கத்திய எடுத்துட்டு வந்து, கையால தொடாம மேசை மேல கொட்டுனாரு. உக்காரவே இல்ல. நான் காலைப் புடிக்காத கொறைதான். எல்லாத்தையும் அவருகிட்டச் சொன்னேன், இப்ப உங்ககிட்டச் சொன்ன மாதிரியே. அன்னிக்கு எங்கிட்ட ஒரு கத்தி இருந்திருந்தா இவ கொரலு போயிருக்காது, உங்க மருமகளுக்கு அப்படி ஒண்ணு ஆகக் கூடாதுன்னுதான் குடுத்தேன்னு. அவரு துளசிமணியப் பார்த்தாரு. அவ கழுத்தைப் பார்த்தாரு. கண்ணு கலங்கிப்போச்சு அவருக்கு. உக்காந்து காப்பி குடிச்சாரு. பொங்கலுக்கு அனுப்பி வெக்கறேன், காருல அனுப்பி வெக்கறேன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. கத்திய மட்டும் நீங்களே வெச்சுக்குங்கன்னாரு.

இதாங்க அந்தக் கத்தி. நல்ல கத்தி, ஒரு கொறை சொல்ல முடியாது. நான் அன்னிக்கு வெச்சிருந்ததும் இதே சாதிதான். கட்டை வெரலு தொட்டாப் போதும், வெண்ணெயாட்டம் தொறக்கும். அன்னிக்கு ரோட்டுல கிடந்தப்பக் கூட ஒரே தள்ளுல தொறந்துது, டக்குனு லாக் விழுந்து, அவ கழுத்துக்கிட்டக் கொண்டு போறப்ப

என்னங்க அப்படிப் பார்க்கறீங்க.

வேட்டியில பாக்கெட் இல்லைன்னு சொன்னேன். ஆமா. வேட்டிக்கு உள்ள டிராயர் போட்டிருப்போம்ல. அதுல பாக்கெட் உண்டு. அதுல கிடந்துது.

கிடந்துதுங்க. இருந்துது. எங்கிட்டக் கத்தி இருந்துது. தொறந்து கையில வெச்சிருந்தேன்.

உங்ககிட்ட எதுக்குச் சொல்றேன்னு தெரியல. எம்பொண்ணுக்குத் தெரியாது. சம்பந்திக்குத் தெரியாது. போலீஸுக்குச் சொல்லல, டாக்டருக்குச் சொல்லல. நீங்க யாரோ, அதனால வாய்ல வந்துருச்சு.

கூறைச்சேலைங்க அது. உங்களுக்குப் புரியாது, சின்ன வயசு. கூறையில கத்தி படக்கூடாது. பட்டாத் தாலி கட்டுனவனுக்கு ஆகாதும்பாங்க. எங்க ஊர்ல ஒருத்தி கூறைய வெட்டித் தலகாணி ஒறை தைச்சா, அந்த மாசமே புருசன் போய்ச் சேந்தான். சின்னதுல இருந்து கேட்டுக் கேட்டு வளர்ந்தது. கத்தி முனை ஜரிகையில தொட்டுருச்சு. ஒரு இழுப்பு இழுத்தா முடிஞ்சுது. அப்பத்தான் அவ என்னையப் பார்த்தா. பார்த்துச் சொன்னா. கூறைச்சேலை, வெட்டிடாதீங்கன்னா. என் உசுருக்காகத்தான் சொன்னா. அவ அப்படிப்பட்டவ. எனக்கு ஒரு தலைவலின்னாக்கூட அன்னிக்குப் பூராச் சாப்புடாம கிடப்பா.

முழுசாச் சொன்னாளான்னா? கழுத்து இறுகிக் கிடக்கறப்ப யாருங்க முழுசாப் பேச முடியும். ‘கூறை’ன்னா. அப்புறம் ‘வெட்டி’ன்னா. அதோட சத்தம் நின்னுருச்சு. வாய் மட்டும் அசைஞ்சுது.

நீங்க நினைக்கறது எனக்குப் புரியுதுங்க. வெட்டிடுங்கன்னு சொல்ல வந்தாலும் அதுவரைக்கும் அதே சத்தந்தான். கூறை போனாப் போகுது, வெட்டிடுங்கன்னு. இல்லீங்க. அப்படி இருக்காது. வெட்டிடாதீங்கன்னுதான் சொல்லியிருப்பா. இருபத்தஞ்சு வருசம் குடும்பம் நடத்துனவனுக்குத் தெரியாதா?

நான் கத்திய மடக்குனேன். லாக்கைத் தளர்த்தி, வெரல் படாம ஒழுங்கா மடக்கி, டிராயர் பாக்கெட்டுல வெச்சேன். அதுக்கப்புறந்தான் பல்லுல கடிச்சது, சக்கரத்தைச் சுத்துனது எல்லாம். இளநிக்கார அம்மா வரதுக்கு எத்தனை நேரமாச்சுன்னு எனக்குத் தெரியாது. கூறை வெட்டுப்பட்டுத்தான் போச்சு. எனக்கு ஒண்ணும் ஆகல. பாருங்க, கல்லாட்டம் இருக்கேன். சர்க்கரை கூடக் கிடையாது.

நாலு வருசத்துல அவ அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசுனதில்ல. எங்கிட்டக் கத்தி இல்லைன்னு அவ முன்னாடிதான் எல்லாருகிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தேன். அவ கேட்டுக்கிட்டே கீரை ஆய்வா, பாத்திரம் தொடைப்பா. பேச முடியாதவ, என்னத்தச் சொல்லுவா. மறந்துட்டான்னு கூட நினைச்சேன். மூச்சு முட்டுனவங்களுக்கு நெனப்பு தப்பிரும்னு யாரோ சொன்னாங்க. அது நெசமா இருக்கோணும்னு எத்தனை கோயில்ல வேண்டியிருக்கேன் தெரியுமா.

இன்னிக்குக் காலைல சம்பந்திய வாசல் வரைக்கும் போய் அனுப்பி வெச்சுட்டு உள்ள வந்தேன். அவ மேசைகிட்ட நிக்கறா. அந்தக் கத்தி அவ கையில இருக்குது. கட்டை வெரலை வெச்சுத் தள்ளித் தொறந்தா. நான் அவளுக்குச் சொல்லிக் குடுத்ததே இல்லீங்க. தொறந்தா, பார்த்தா, மடக்கி மேசையிலயே வெச்சுட்டா. அப்புறம் எங்கிட்ட வந்தா. எங்காதுகிட்ட வாய வெச்சா. சூடா மூச்சு படுது.

“அன்னிக்கு நாஞ்சொன்னது உங்களுக்குக் கேட்டுதா?”

அம்புட்டுத்தான் கேட்டா. கோவமில்ல, அழுகையில்ல. சோத்துக்கு வரீங்களான்னு கேக்கற மாதிரிக் கேட்டா. கேட்டுதுன்னு சொன்னேன்.

“என்ன சொன்னேன்?”

தம்பி, நான் எதுக்கெல்லாமோ பயந்திருக்கேன். ஆனா அந்த மாதிரி ஒரு பயத்தை நான் அறிஞ்சதில்ல. வாயத் தொறந்தா ‘வெட்டி’ன்னு வருது, அதுக்கு மேல வர மாட்டேங்குது. அவ காத்துக்கிட்டு நிக்கறா. எம் மொகத்தையே பார்த்துக்கிட்டு நிக்கறா. கத்திய மாத்திட்டு வந்துடறேன்னு சொல்லிட்டு, செருப்பை மாட்டிக்கிட்டு ஓடி வந்துட்டேன். அப்பக் காலைல பத்து மணி இருக்கும். இப்ப மூணாச்சா? இதோட எத்தனை பெட்டி பார்த்துட்டேன்னு எனக்கே தெரியல. கடைக்காரரும் சலிச்சுப் போயிட்டாரு.

அந்தக் கருப்பையே எடுத்துக்குங்க, நல்லா இருக்கும். கிளம்புங்க, ஊட்டம்மா வெயில்ல காத்துக்கிட்டு இருக்குது.

நான் வரலீங்க. இன்னும் ரெண்டு கத்தி பார்த்துட்டுப் போறேன்.